தெளிந்த கண்ணில் மறைந்த நீர்

கண்புரையை நீக்கும் சத்திரசிகிச்சை மிகப் பழையது. ஆயினும் அது செவ்வனே நிறைவேறிய பின்னரும் சில கண்கள் மங்குவதேன் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வைத்தியரைத் திகைக்க வைத்தது. கட்டவிழ்த்த நாளில் நோயாளி நன்றாகவே பார்ப்பார். சில வாரங்கள் சென்றபின் எழுத்துக்கள் கலங்கும். எதிரே நிற்பவரின் முகம் தெளியாது. காயமோ ஆறியிருக்கும். அவருடைய முறைப்பாட்டுக்குச் சான்று காட்டுவது அரிதாயிருந்தது.

1953 இல் அமெரிக்கக் கண் வைத்தியர் ரொட்மன் இர்வின் இதனைத் தனியொரு நோய்நிலையாக விவரித்தார். கண்ணை நிரப்பி நிற்கும் பளிங்கு போன்ற பாகு முன்னோக்கி நகர்ந்து காயத்தோடு ஒட்டிக்கொள்வதையும், விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டு கெடுவதையும் அவர் சேர்த்து நோக்கினார். ஆனால் பொட்டினுள் நிகழ்வது யாது? ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 இல் வெளியிட்ட கண்ணுள்நோக்கும் கருவி வைத்தியர் கையில் இருந்தது உண்மையே. எனினும் தெளிந்த நீர் தெளிந்த இழையத்தினுள் நின்றால் அக்கருவிக்கும் அது எளிதிற் புலப்படுமோ?

வழி திறந்தவர்கள் கண் வல்லுநரல்லர். இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் வைத்திய மாணவர் இருவர். நொவொட்னி, அல்விஸ் என்பன அவர்தம் பெயர்கள். 1871 இல் வேதியியலறிஞர் பேயர் ஆக்கிய புளோரசீன் என்னும் சாயத்தைக் கைநாளத்திற் செலுத்தி, நீல ஒளி பாய்ச்சினால், விழித்திரையின் குருதிக் குழாய்கள் பச்சையாய் ஒளிரும், அதனைப் படம்பிடிக்கலாம். முதலில் யார் கையில் ஊசி ஏற்றுவது? நாணயம் சுண்டினர், அல்விஸ் தோற்றார். கட்டுரையைக் கண் வைத்தியச் சஞ்சிகையொன்று ஏற்க மறுத்தது! 1961 இல் இருதய வைத்தியச் சஞ்சிகையொன்றே அதனை வெளியிட்டது.

1966 இல் மயாமி நகரில் டொனால்ட் காஸ், எட்வர்ட் நோர்ட்டன் ஆகிய இருவரும் இம்முறையாற் புரை நீக்கிய கண்களை ஆராய்ந்தனர். நுண்குழாய்களினின்று கசிந்த சாயம் சிறிது நேரத்தில் மஞ்சட்பொட்டைச் சுற்றி மலரின் இதழ்கள் போலத் தேங்கி நின்றது. அவ்விடத்து நரம்பிழைகள் நடுவினின்று ஆரங்களாய் விரிந்து கிடப்பதால், அவற்றிடையே சேரும் நீரும் அவ்வடிவையே கொள்கிறது. பார்வை நரம்பின் முகப்பும் கசிந்தது. நீரிழிவினாலும் பொட்டில் நீர் கோக்கும். ஆகவே ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிய இந்த இரண்டாவது கசிவு பெரிதும் உதவுகிறது. இந்நோய் இன்று இர்வின், காஸ் இருவர் பெயராலும் வழங்குகிறது. சத்திரசிகிச்சை தூண்டிய அழற்சியே நுண்குழாய்களைக் கசியச் செய்கிறது. குறையின்றிச் செய்யப்பட்ட சிகிச்சைக்குப் பின்னும் இது நேரலாம்.

1991 இல் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஒளிப்படல முறை, சாயமின்றியே விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போலக் காட்டலாயிற்று. நீர்ப்பைகள் கரிய குமிழிகளாய்த் தோன்றும்; வீக்கத்தின் தடிப்பையும் மைக்குரோன் கணக்கில் அளக்கலாம். பெரும்பாலான கண்கள் சில மாதங்களில் தாமாகவோ அழற்சி தணிக்கும் சொட்டு மருந்தாலோ தெளிகின்றன. அவ்வாறு தெளிந்து வருவதையும் வைத்தியர் ஒவ்வொரு முறையும் படத்தை நோயாளிக்கே காட்டி விளக்க முடிகிறது.