திருமுல்லைவாயில்: ஓர் ஊரின் இசைக் களங்கள்

திருமுல்லைவாயில் சென்னை சென்ட்ரல்–அரக்கோணம் புறநகர் ரயில் தடத்தில் அம்பத்தூருக்கும் அண்ணனூருக்கும் இடையே உள்ள ஊர். ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. பேச்சில் ‘திருமுல்லைவாயல்’ என்பார்கள். சென்னையின் பெயர் பெற்ற சபா அரங்குகள் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் வட்டாரத்தில் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து இவ்வூர் வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே இங்கே நேரில் கேட்கும் இசைக்கு முகவரி அரங்கு அல்ல, நாள்தான். பௌர்ணமி, ஆடி வெள்ளி, முகூர்த்த நாள், மார்கழி விடியல், ஒரு வீட்டில் விழுந்த சாவு என்று நாளைச் சொன்னால் எந்தத் தெருவில் என்ன வாத்தியம் கேட்கும் என்பதைச் சொல்லிவிடலாம்.

கோயிலும் தக்கேசியும்

ஊரின் மிகப் பழைய இசைக் களம் மாசிலாமணீசுவரர் கோயில். சீர்காழிப் பக்கத்துத் தென்திருமுல்லைவாயிலிலிருந்து பிரித்துக் காட்ட, தேவாரத் தலங்களின் வரிசையில் இதை வடதிருமுல்லைவாயில் என்பர். யானையின் பின்புறம் போல வளைந்த விமானம், கருவறை வாயிலில் எருக்கந் தூண்கள் இரண்டு, இறைவனுக்கு முதுகு காட்டி நிற்கும் நந்தி என்று பார்க்க நிறைய உண்டு. மன்னன் தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்கியதும், வாளால் அதை வெட்டியபோது லிங்கத்தின்மேல் பட்டதும் தலக்கதை. அந்தக் காயம் ஆற லிங்கத்துக்குச் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தில் பழைய காப்பைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

இசை வரலாற்றில் இக்கோயிலின் இடம் சுந்தரரால் வந்தது. திருவொற்றியூரை விட்டுப் பிரிவதில்லை என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி எல்லை தாண்டியதும் சுந்தரருக்குக் கண் பார்வை போயிற்று. அப்படியே தட்டுத் தடுமாறி அவர் முதலில் வந்து பாடிய தலம் இது என்கிறது பெரியபுராணம். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும் காஞ்சியில் ஒரு கண்ணும் கிடைத்தது அதற்குப் பிறகு. ஏழாம் திருமுறையில் 69ஆவதாக உள்ள இந்தப் பதிகத்திலேயே சங்கிலியின் பொருட்டுக் கண்ணை இழந்த குறையும், தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தியும் வந்துவிடுகின்றன. பண் தக்கேசி; இன்றைய ஓதுவார்கள் அதைக் காம்போதியில் பாடுகிறார்கள். மேடையில் காம்போதி என்றால் அரை மணி நேர ஆலாபனைக்குரிய ராகம். சந்நிதியில் அதே ராகம் ஒரு கண்ணிழந்தவரின் முறையீடாக, தீபாராதனைக்கு முன்னும் பின்னுமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுருக்கம் ஏமாற்றமாகப் படலாம். எனக்கென்னவோ பண்ணுக்கு இந்த அளவுதான் சரி என்று தோன்றுகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழும் இத்தலத்துக்கு உண்டு.

பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் இவ்வூர்க் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த மாலைகளில் கூட்டம் நெரியும்.

சிவாலயப் புறப்பாடுகளுக்குரியது பெரிய மேளம்: நாகசுரம், தவில், தாளம், ஒத்து. ஒத்து ஊதுபவரின் வேலையை இப்போது பெரும்பாலும் மின்சாரச் சுருதிப் பெட்டி பார்க்கிறது. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. நாகசுரம் ஆச்சா மரத்தில் கடைவது. இடித்த பழைய வீடுகளின் உத்தரக் கட்டைதான் இதற்கு உகந்தது என்பார்கள். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலுக்குப் பலா மரம். ஒரு கையில் துணியும் பசையும் சேர்த்து இறுகக் காயவைத்த கூடுகளை விரல்களில் மாட்டிக்கொண்டும், மறு கையில் கழி பிடித்தும் அடிக்கிறார்கள். ஒலிபெருக்கி வேண்டாத கருவிகள் இவை. அப்படியும் அவற்றுக்கு முன்னால் இப்போது மைக் வைத்துவிடுகிறார்கள்.

ஆடி

ஆடி பிறந்தால் ஊரின் இசை கோயில் மதிலுக்கு வெளியே வந்துவிடும். தெருமுனை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாளில் காலையில் பம்பை, உடுக்கை, சிலம்பு. இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டிய கருவி பம்பை. கரகம் எடுப்பவரின் மேல் அம்மன் இறங்கும்வரை பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடலை நிறுத்துவதில்லை. கேட்பவர் கைதட்ட வேண்டிய பாட்டு அல்ல அது. ஒருவரை ஆட வைத்தால்தான் அதற்கு வெற்றி.

இரவில் அதே இடத்தில் இன்னிசைக் கச்சேரி. தெருவை அடைத்து மேடை, சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். கீபோர்டு, ரிதம் பேடு, டிரம்ஸ், தபேலா, ஆணும் பெண்ணுமாகப் பாடகர்கள். முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்தது எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டாக இருந்தே தீரும். எட்டரை மணிக்கு மேல் இளையராஜா, அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடுவதற்கான குத்துப்பாட்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. மேடையிலிருந்து பத்தடியில் நிற்பவருக்கு இந்த எண்கள் வேடிக்கையாக இருக்கும். ஆனால் பத்து மணிக் கெடு பாட்டு வரிசையையே மாற்றிவிட்டது. முன்பு நள்ளிரவுக்கு மேல் பாடிய பழைய சோகப் பாடல்களுக்கு இப்போது நேரமில்லை.

விடிய விடியக் கேட்க வேண்டுமானால் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா சமயத்துப் பாரதக் கூத்துக்குப் போக வேண்டும். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் ஆகிய நான்கோடு ஓர் இரவு போகும். தொண்டை மண்டலத்தின் சொந்தச் சொத்து என்று தெருக்கூத்தைச் சொன்னால் மிகையில்லை.

கல்யாண மண்டபம்

ஆண்டு முழுவதும் ஓரளவு தவறாமல் நேரடி இசை கேட்கும் கூரையுள்ள இடம், சி.டி.எச். சாலையை (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) ஒட்டிய கல்யாண மண்டபங்கள். சென்னை வழக்கப்படி ரிசப்ஷன் முந்தின நாள் மாலையிலேயே நடக்கும். மெல்லிசைக் குழுவுக்கு அந்த மாலை, நாகசுரத்துக்கு மறுநாள் காலை முகூர்த்தம். கெட்டிமேளம் என்று யாரோ விரலை ஆட்டியதும், வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுத் தவில் வெடிக்க வேண்டும். எவ்வளவு நல்ல ஆலாபனையாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

ரிசப்ஷன்களில் ஒரு காலத்தில் கர்நாடகக் கச்சேரியே வழக்கமாக இருந்தது. திரைப்பாட்டு மெல்லிசைக் குழுக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ட்ராக் போட்டுப் பாடும் கரோக்கி இப்போது அவற்றின் இடத்தைத் தின்கிறது. பத்துக் கலைஞர்கள் உட்கார்ந்த மேடையில் ஒரு மடிக்கணினியும் இரண்டு பாடகர்களும். லட்சுமண் ஸ்ருதி குழுவின் பயணம் இதில் தனி ரகம். மெல்லிசையில் பெயர் வாங்கிய அந்தக் குழுதான் 2005 முதல் தேனாம்பேட்டை காமராஜர் அரங்கில் ‘சென்னையில் திருவையாறு’ என்ற கர்நாடக இசை விழாவை நடத்தத் தொடங்கியது.

சபாவுக்குப் போகும் வழி

டிசம்பர் வந்தால் மேற்குப் புறநகரின் சங்கீத ரசிகர் ரயிலேறுகிறார். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துத் திருமயிலை. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி; 1928இல் முறைப்படி தொடங்கியது. இன்றைய டி.டி.கே. அரங்கு 1962இல் எழுந்தது. கிருஷ்ண கான சபா, நாரத கான சபா ஆகியவை ஐம்பதுகளின் பிள்ளைகள். யுனெஸ்கோ 2017இல் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பில் இசை நகரமாகச் சேர்த்தபோது முன்னால் நின்றது இந்த டிசம்பர் இசைப் பருவந்தான்.

மாலைக் கச்சேரி முடிய ஒன்பதைத் தாண்டும். கடைசி வண்டிக்கு முன்வண்டியையாவது பிடிக்க நினைப்பவர் தனி ஆவர்த்தனத்திலேயே எழுந்துவிட வேண்டியதுதான். தனியில் எழுந்து போவது மிருதங்க வித்வானுக்கு மரியாதைக் குறைவு என்று விமர்சகர்கள் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். அரக்கோணம் லைன்காரர்களை மட்டுமாவது மன்னித்துவிடலாம். தனிக்குப் பின் வரும் துக்கடாக்களை இவர்கள் வானொலியில்தான் கேட்கிறார்கள்.

இவர்கள் வசதியாக வந்து போகக்கூடிய அரங்கு பாரிமுனைப் பக்கத்து ராஜா அண்ணாமலை மன்றம். தெலுங்குக் கீர்த்தனைகளே மேடையை ஆண்ட காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943இல் உருவான தமிழ் இசைச் சங்கத்தின் வீடு அது. பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை அச்சங்கம் தொடர்ந்து நடத்தி வருகிறது. தக்கேசி எது, காம்போதி எது என்ற கேள்விக்கு அங்கே கேட்க ஆள் உண்டு.

அரங்குக்கு ஆள் வருவதற்குப் பதில் ஆளிடம் இசை போக வேண்டும் என்ற எண்ணமும் நகரில் செயலாகியிருக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பொங்கலையொட்டிக் கரகத்தையும் பறையையும் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோய் 2023இல் மீண்டது. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலியோர் முன்னின்று நடத்திய விழா, மீனவர் குடியிருப்பில் கர்நாடக இசையை வைத்துப் பார்த்தது.

கானா

சாவு வீட்டு இசையைக் கலைக்களஞ்சியங்கள் பொதுவாகத் தவிர்த்துவிடும். ஆனால் மேற்குப் புறநகரில் முன்னறிவிப்பின்றி, டிக்கெட்டின்றி அடிக்கடி கேட்கும் நேரடி இசை அதுதான்: பந்தலின் கீழ் பறை, டிரம்ஸ், இரவில் கானா. வடசென்னையில் வேரூன்றிய கானா இறந்தவரின் பெயரையும் குணத்தையும் வைத்து அங்கேயே கட்டிப் பாடுவது. டோலக் இல்லாவிட்டால் கிடைத்த சட்டியும் மேசையும் போதும். கானா உலகநாதன் 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்திலும், பின்னர் கானா பாலா பல படங்களிலும் பாட, இது திரைக்கு ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது; கானாவோடு ராக்கும் ராப்பும் கலந்த குழு. பெயர், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதியற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ரஞ்சித் 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ சபாக்களின் மாதத்திலேயே பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டது.

ரயில்

தடத்தின் மேற்கு முனையைத் தாண்டினால் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் இந்தத் தடத்தில் பம்பையோடும் அரோகரா முழக்கத்தோடும் போகும். அன்றைக்குப் பெட்டியே களம். மற்ற நாட்களில், கூட்டம் சற்றுக் குறைந்த பகல் வண்டிகளில், கழுத்தில் சிறிய ஸ்பீக்கரையும் கையில் மைக்கையும் வைத்துக்கொண்டு பார்வையற்ற பாடகர்கள் பெட்டி பெட்டியாக நடந்து வருவார்கள். பெரும்பாலும் டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டுகள். ஒரு நிலையத்தில் தொடங்கிய சரணம் அடுத்த நிலையத்தில் முடியும். அம்பத்தூர் தாண்டியதும் சில்லறை விழும். திருமுல்லைவாயிலில் இறங்குபவர் பாட்டின் பாதியில் இறங்குகிறார்.