நெஞ்சுக்குள் ஒரு புள்ளி

வரலாறு என்றவுடன் அரியணையும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருகின்றன. மனிதனின் நெஞ்சுக்கூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணுக்குப் புலனாகாத உள்ளிடத்தை அறிய மனிதன் முயன்ற வரலாறு அது.

தொடக்கத்தில் மருத்துவனுக்குக் காதே கண்ணாக உதவியது. ஆஸ்திரிய மருத்துவர் அவுவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மைந்தர். பீப்பாயைத் தட்டி, அதில் எவ்வளவு மது இருக்கிறது என்று அறிவது போல, நோயாளியின் மார்பைத் தட்டி உள்நிலை அறியும் முறையை அவர் 1761-இல் வெளியிட்டார். 1816-இல் பாரிசில் லேனெக் என்பார் தாளைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி, இலண்டனில் ஒரு நோயாளியின் தலைக்குள் இருப்பதைப் படமாக்கிக் காட்டியது. அதுவே சி.டி. ஸ்கேன், பின்னர் அது மார்புக்கும் பயன்பட்டது.

பார்வை கூர்மையடையவே புதிய கவலை ஒன்றும் பிறந்தது. முன்பு எவர் கண்ணுக்கும் படாத சிறு புள்ளிகள் இப்போது படுகின்றன. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத உருண்டைப் புள்ளியை நுரையீரல் முடிச்சு என்பர். இராயபுரத்தில் வாழும் எனக்கு, நாள்பட்ட இருமலுக்காக எடுத்த ஸ்கேனில் அப்படி ஒன்று தென்பட்டது. அடுத்த வாரமே விலாப்புறத்தில் வலி தொடங்கிற்று. புள்ளிதான் வலிக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன், இரவெல்லாம் உறக்கமில்லை.

மருத்துவர் அமைதியாக விளக்கினார். நுரையீரலின் உட்பகுதிக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சூழ்ந்த உறையின் வெளிமடிப்பும், விலா எலும்பும், அவற்றிடையே உள்ள தசையுமே வலியை உணர்பவை. ஆகவே உறையைத் தொடாத சிறு புள்ளி வலியைத் தருவது அரிது. ஓயாத இருமலால் தசை நொந்திருக்கலாம். இவ்வாறு சொன்ன பின் அவர், “பழைய படம் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?” என்று வினவினார்.

வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அவ்வினா மிகவும் பழகியது. காலம் குறிக்கப்படாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால், காலம் தெரிந்த வேறொன்றோடு அதை ஒப்பிடுகிறோம் அல்லவா? எட்டு ஆண்டுகளுக்கு முன் நிமோனியா கண்டபோது எடுத்த ஸ்கேன் என்னிடம் இருந்தது. அதிலும் அதே புள்ளி, அதே அளவில் இருந்தது. திண்மையான முடிச்சு ஈராண்டுகள் மாறாதிருந்தாலே பெரும்பாலும் தீங்கற்றது என்று கொள்வர்.

அப்படியானால் அது என்ன? ஆறிய காசநோயின் தழும்பாக இருக்கலாம் என்றார் மருத்துவர். துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி மக்கள் நெருங்கி வாழும் வடசென்னையில் இது வியப்பன்று. நெருக்கமும் வறுமையும் உள்ள இடத்தில் காசநோய் எளிதில் பரவும். அந்நோயின் வரலாற்றில் நம் நகருக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்க்கு அவர்தம் வீட்டிலும் ஓராண்டு மருந்து அளித்தனர். நல்ல உணவும் ஓய்வும் இன்றியே வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களால் குடும்பத்தினருக்கு மிகுதியாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளியானது; உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம்பெற அது வழிவகுத்தது. நோய் தணிந்த நெஞ்சுகளில் தழும்பு மட்டும் எஞ்சுவதுண்டு.

இதனால் எல்லாப் புள்ளியும் தீங்கற்றது என்று எவரும் கொள்ளலாகாது. புகை பிடிப்போரும், புள்ளி வளர்ந்திருக்கக் காண்போரும், சளியில் குருதி காண்போரும், காரணமின்றி உடல் மெலிவோரும் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். என் விலாவலி இன்னும் முழுதும் நீங்கவில்லை. அதன் காரணமும் தெளிவாகவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்த அளவிலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பது தெளிவாயிற்று, உறக்கமும் திரும்பியது.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியோரின் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் ஸ்கேன் படங்களையும் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் நாள் குறித்துப் பேணி வையுங்கள். அவையும் வரலாற்று ஆவணங்களே.