இடுப்புப் பிடிப்புக்குக் கருவிச் சிகிச்சை: சின்னாளப்பட்டித் தறிக்காரர்களை முன்வைத்து

ஊரில் இடுப்புப் பிடிப்பு என்று சொல்வதை மருத்துவர்கள் திடீர்க் கீழ்முதுகு வலி என்கிறார்கள். வலி தொடங்கி 6 வாரத்துக்குள் இருந்தால் அது திடீர் வலி. 12 வாரத்தைத் தாண்டினால் நாட்பட்ட வலி. பெரும்பாலோருக்கு எலும்பையோ முதுகுத்தட்டையோ காட்டி 'இதுதான் காரணம்' என்று சொல்ல முடியாது. அவர்களில் பலருக்கும் சில வாரங்களில் வலி தானாகவே தணிந்துவிடும். கருவிகளை மதிப்பிடுவதில் உள்ள சிக்கலே இதுதான். எதை வைத்தாலும் வலி குறையும். பெயர் கருவிக்குப் போய்விடும். அதனால் கருவி வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளையே நம்ப வேண்டும்.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, காந்திகிராமத்தை ஒட்டியுள்ள சின்னாளப்பட்டி, கைத்தறிக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். குழித்தறியில் நெய்பவர் குழியின் விளிம்பில் பலகை மேல் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விடுகிறார். கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, ஒரு கை நாடாக் கயிற்றைச் சுண்ட, மறு கை ஊடையை அடித்து நெருக்குகிறது. முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. உடல் முன்பக்கம் வளைந்தே இருக்கும். சாயப்பட்டறையில் இருப்பவர்கள் நனைந்து கனத்த துணியைக் குனிந்து தூக்கிப் பிழிகிறார்கள். இரண்டுமே இடுப்பைச் சோதிக்கும் வேலைகள். நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால், சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு பொழுதும் வருமான இழப்புதான். கருவிகளை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கருவிச் சிகிச்சைகளில், திடீர் வலிக்கு ஓரளவு நல்ல சான்று உள்ளது மேற்பரப்புச் சூட்டுக்கு மட்டுமே. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தரும் பட்டையைச் சிலருக்குக் கட்டினார்கள். மற்றவர்களுக்கு ஐபுபுரூபன் அல்லது பாராசிட்டமால் கொடுத்தார்கள். பட்டை கட்டியவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. 2006இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சூட்டால் குறுகிய காலத்துக்குச் சிறிய நன்மை உண்டு என்றது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் திடீர் வலிக்கான மருந்தில்லா முறைகளில் சூடும் இடம்பெற்றது. நம் வீடுகளில் உள்ள வெந்நீர்ப் பையும், வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் இதே வகையைச் சேர்ந்தவை. சிகிச்சைக் கூடத்தில் 'லைட் வைப்பது' எனப்படும் அகச்சிவப்பு விளக்கும் மேற்பரப்புச் சூடுதான். மிதமான சூட்டை நீண்ட நேரம் கொடுப்பதே முறை. கொதிக்கக் கொதிக்க வைப்பதால் கூடுதல் பலன் கிடையாது. சர்க்கரை நோயால் தோல் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவர் முதலில் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் அதிகம் தேடிப் போவது 'கரண்ட் வைப்பதை'. அதில் இரண்டு வகை உண்டு. டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே, பொதுவாக வினாடிக்கு 80 முதல் 100 வரையிலான மின்துடிப்புகளை அனுப்பும் சிறு பெட்டி. ஐஎஃப்டி கருவியோ 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான இரு மின்னோட்டங்களை உடலுக்குள் குறுக்கிடச் செய்கிறது. மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இவற்றுக்கு அடிப்படை: தொடு உணர்வு மிகும்போது, தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலேறும் வழி அடைபடுகிறது. கோட்பாடு அழகானதுதான், ஆனால் திடீர் இடுப்பு வலியில் செய்த சோதனைகள் சிலவே, அவையும் சிறியவை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் இவ்விரண்டையும் இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்றது. வைத்திருக்கும்போது இதமாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இதத்துக்காகப் பல நாள் தறியை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இவற்றின் பக்கமே போகக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் நைஸ் ஏற்கவில்லை. 27.12 மெகாஹெர்ட்ஸில் ஆழத்துக்குச் சூடேற்றும் டயத்தர்மி, வீட்டு ஒத்தடத்தைவிட மேலானது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் பற்றி 2013இல் காக்ரேன் தொகுப்பாய்வு வந்தது. 2,762 பேரை உள்ளடக்கிய 32 சோதனைகளை அலசிய அது, இழுப்பதால் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று முடித்தது. அதற்காகப் படுக்கையில் கிடப்பதே மீட்சியைத் தாமதப்படுத்தும். முடிந்தவரை நடமாடுபவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள். இடுப்பு பெல்ட்டையும் நைஸ் பரிந்துரைக்கவில்லை. நாட்பட்ட வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டியும் பெல்ட், டிராக்‌ஷன், டென்ஸ் ஆகியவற்றை விலக்கியது.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. சிறுநீர் போக முடியாமை அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே வருதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கு ஒத்தடமோ கரண்டோ மருந்தாகாது. முதல் மூன்றில் எது தெரிந்தாலும் பொழுது விடியக் காத்திராமல் திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.