மணலில் புதைத்த ஊசி

ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் உங்கள் கண்முன் யார் வருகிறார்? பிரிட்டனில் கொஞ்சம் வயதானவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் ஜெரமி பிரெட் என்பார்கள்.

அசல் பெயர் ஹக்கின்ஸ். அப்பா ராணுவ அதிகாரி. மகன் நடிகனாவது பிடிக்கவில்லை. குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டார். பையன் அசரவில்லை. தன் சூட்டில் தைத்திருந்த தையல் கடை லேபிளைப் பார்த்தார். ‘பிரெட்’ என்றிருந்தது. போதுமே!

சிறு வயதில் ‘ர’ உச்சரிப்பு வராது. 17 வயதில் அறுவை சிகிச்சை. 1964-ல் வந்த ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்ன் வீட்டு வாசலில் உருகி உருகிப் பாடும் இளைஞர் இவர்தான். (குரல் இரவல்!) 1980-ல் லாஸ் ஏஞ்சலீஸ் மேடையில் டாக்டர் வாட்ஸனாகக்கூட நடித்தார். ஹோம்ஸ்? சார்ல்டன் ஹெஸ்டன்.

1984-ல் கிரனடா டி.வி. அவரையே ஹோம்ஸ் ஆக்கியது. மனுஷர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்படி உட்காருவார் என்று மூலக்கதைகளைச் சலித்தெடுத்த 77 பக்கக் குறிப்புகள் எப்போதும் கையில்.

மறு வருஷமே மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் இறந்துபோனார். பிரெட்டுக்கு ஏற்கெனவே ஒரு வியாதி உண்டு. ஒரு சமயம் மனசு வானத்தில் பறக்கும், இன்னொரு சமயம் பாதாளத்தில் கிடக்கும். இப்போது அது முற்றி, 1986-ல் மருத்துவமனையில் படுத்தார். லித்தியம் மாத்திரை, பழுதான இதயம், ஓயாத சிகரெட். ஊசி மாதிரி இருந்த ஹோம்ஸ் வருஷத்துக்கு வருஷம் ஊதிக்கொண்டே போனதை நேயர்கள் திரையிலேயே பார்த்தார்கள்.

இந்த நிலைமையில் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கதைப்படி ஹோம்ஸுக்கு கொகெய்ன் பழக்கம் உண்டல்லவா? தொடரைக் குழந்தைகளும் பார்க்கிறார்களே என்று பிரெட்டுக்கு உறுத்தல். கானன் டாயிலின் மகள் ஜீனிடம் சம்மதம் வாங்கினார். 1988-ல் வந்த ‘தி டெவில்ஸ் ஃபுட்’ பார்த்திருக்கிறீர்களா? கார்ன்வால் கடற்கரையில் ஹோம்ஸ் ஊசியை மணலில் புதைத்துவிடுவார். மூலக்கதையில் இல்லாத காட்சி!

மொத்தம் 41 படங்கள். 1994-ல் கடைசி வரிசை. அதில் ஒரு கதைக்கு எழுந்து வரவே முடியவில்லை. ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டை வைத்துத் துப்பறிய விட்டு ஒப்பேற்றினார்கள். அடுத்த வருஷம் பிபிசி வானொலியில் பிரெட் குரல் கேட்டது. ஹோம்ஸாக அல்ல. தன் வியாதியை வெளிப்படையாகச் சொல்லி, தன்னைப் போன்ற நோயாளிகளுக்கான அமைப்புக்கு உதவி கேட்டார். அந்த 1995 செப்டம்பர் 12 அன்று, தூக்கத்திலேயே இதயம் நின்றுபோனது. வயது 61.