பானையும் மாம்பழமும் எங்கிருந்து வந்தன?

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்து, "மிஸ், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு டிராயிங்ல என்ன சொல்லிக் கொடுக்கலாம்?" என்று கேட்டாள். அவளும் இப்போது டீச்சர். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே. கொஞ்சம் நீளம்தான், காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

டீச்சர் டிரெயினிங்கில் எங்களுக்குக் கற்பித்தது இதுதான்: கரும்பலகையில் பானை, மாம்பழம், கொடி வரைய வேண்டும், பிள்ளைகள் அதைப் பார்த்து வரைய வேண்டும். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர், சென்னை பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஒரு ஓவியப் பள்ளி தொடங்கினார். சில வருடங்களில் அதை அரசு எடுத்துக்கொண்டது. பெரியமேட்டில் இன்று இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். கைத்தொழிலுக்கு ஆள் தயாரிப்பது அந்தக் காலத்து நோக்கம். நேர்கோடு, வளைகோடு, மாதிரிப் பொருள் என்று கையைப் பழக்கும் இங்கிலாந்துப் பாணி. தட்டானுக்கும் தச்சனுக்கும் சரி. ஆறு வயசுப் பிள்ளைக்கு? நம் அரசு தொழில்நுட்பத் தேர்வில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்' எழுதியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பேரைப் பார்த்தாலே பரம்பரை தெரியும்.

இதற்கு மாற்றும் நம் ஊர்ப்பக்கமே வந்தது. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதம் தங்க வந்தவர். உலகப் போர் வந்தது, இத்தாலிக்காரர் என்பதால் மாட்டிக்கொண்டார், 1946 வரை இந்தியாவில் இருந்தார். அவர் வழியில் குழந்தை நேராகப் படம் வரையாது. உலோக வடிவங்களின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வந்து, உள்ளே கோடுகளால் நிரப்பும். விரல் பழகும், எழுத்தும் எளிதாக வரும். என்னைக் கேட்டால் அதிலும் ஒழுங்கு கொஞ்சம் அதிகம். காந்தி தன் சுயசரிதையில், எழுத்துக்கு முன்னால் சித்திரம் கற்றுத்தர வேண்டும் என்கிறார். தன் கையெழுத்து மோசமாகப் போன வருத்தத்தில் சொன்னது! வியன்னாவில் 1897-லேயே ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் பிள்ளைகளை இஷ்டத்துக்கு வரையவிட்டு வகுப்பு நடத்தியிருக்கிறார்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல், முதலில் 13 பள்ளிகளில், செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டை, ஏணி எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இரண்டு: பிள்ளை உட்கார்ந்தபடியே வரைகிற உயரத்தில் சுவர் ஓரமாகக் கரும்பலகை, வரைந்ததை மாட்ட வகுப்பில் கம்பிப் பந்தல். தான் வரைந்தது தலைக்கு மேல் ஆடுவதைப் பார்க்கிற முகம் இருக்கிறதே!

ஆனாலும் ஒன்று முதல் ஐந்து வரை தனி ஓவிய ஆசிரியர் கிடையாது. கல்வி உரிமைச் சட்டமே ஆறாம் வகுப்பு முதல், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், பகுதிநேர ஆசிரியர் என்கிறது. ஆகவே வகுப்பு டீச்சர்தான் ஓவிய டீச்சர். கணக்கு முடியவில்லையா, முதலில் பறிபோவது டிராயிங் பீரியட்.

அது பறிபோனால் என்ன நஷ்டம் என்பதை 2015 வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தேன். நம் வேளச்சேரி மூழ்கிய கதையைச் சொல்ல வேண்டாம். பள்ளி திறந்ததும் பேப்பரும் கிரேயானும் கொடுத்து, இஷ்டப்பட்டதை வரையுங்கள் என்றேன். தண்ணீருக்கு நீலம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். அன்றைக்கு அநேகமாக யாரும் நீலத்தைத் தொடவில்லை. பழுப்பும் கறுப்பும்தான் தீர்ந்துபோயின. வாயே திறக்காத ஒரு பையன் ஜன்னல் வரைக்கும் பழுப்பு அடித்து, மேலே ஒரு கட்டிலை மிதக்கவிட்டிருந்தான். "பாட்டி மேல உக்காந்திருந்தாங்க" என்றான். அந்த வாரம் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

அவளுக்குச் சொன்ன யோசனைகள் இவை. வெயில் நேரத்தில் சிமெண்ட் தரையில் வெறும் தண்ணீரும் பிரஷும் போதும். காய்ந்ததும் அழிந்துவிடும், தப்பு என்று ஒன்றுமே மிஞ்சாது. மூன்று புள்ளி கோலம், பையன்களுக்கும் சேர்த்து. இலையைப் பேப்பருக்கு அடியில் வைத்துக் கிரேயானால் தேய்ப்பது. வேப்பிலையும் அரச இலையும் நரம்பு வித்தியாசம் காட்டும், அறிவியல் பாடமும் ஆச்சு. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டுச் சிவப்பாக்கிக் காட்டுங்கள், பெரியவர்கள் கலக்கட்டும். "இது என்ன படம்?" என்று மட்டும் கேட்க வேண்டாம், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். அப்புறம் வெண்டைக்காய் அச்சு. காய் முற்றலாக இருக்கட்டும், பிஞ்சு என்றால் இரண்டு தடவை அமுக்கினாலே குழைந்துவிடும்.