பெயர் மாற்றாத வாகனம் உங்களுடையதல்ல

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த எனது மோட்டார் சைக்கிளைப் பிறகு மீளக் கேட்டுப் போனேன். காசு கொடுத்து வாங்கியது நான். புத்தகத்தில் இருந்ததோ முதல் உரிமையாளரின் பெயர். அவர் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

இன்றும் எங்கள் பக்கம் ‘ஓப்பன் பேப்பரில்’ வாகனங்கள் கைமாறுகின்றன. அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

வாங்குமுன் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வாகனத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், கடன் முடிந்ததற்கான அதன் கடிதமின்றிக் காசு கொடுக்காதீர்கள்.

விற்பவர் கைமாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும்; அதற்கு எம்.டி.ஏ. 8 படிவம். வாங்குபவர் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது எம்.டி.ஏ. 6 படிவத்தில்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆனால் அது மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. உங்கள் வாகனத்தின் சேதத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும். விற்றவரின் காப்புறுதி இருக்கிறதென்று நம்பி ஓடாதீர்கள். கம்பனிக்கு அறிவித்து, உங்கள் பெயரில் எடுத்த பிறகே வீதிக்கு இறக்குங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல். நீங்கள் விற்ற வாகனம் ஏதாவதொரு குற்றத்தில் பிடிபட்டால், பொலிஸார் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்கே. அந்த அலைச்சல் எப்படிப்பட்டதென்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை.