மூலையில் தெரியும் தச்சரின் கணக்கு

சுவர் தரையைத் தொடும் இடத்தில் ஓடும் பலகையை எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆங்கிலேயர் ஸ்கர்ட்டிங் என்றும் அமெரிக்கர் பேஸ்போர்ட் என்றும் அழைக்கும் இச்சுவரடிப் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சிக்கல் முழுவதும் அறையின் உள்மூலையில்தான் இருக்கிறது.

ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் 1660ஆம் ஆண்டளவில் தீட்டிய, பால் வார்க்கும் பெண்ணின் ஓவியத்தில், வெள்ளைச் சுவரின் அடியில் சித்திர ஓடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தரை கழுவும்போது படும் ஈரத்திலிருந்து சுண்ணச் சாந்தைக் காப்பதே அவற்றின் பணி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்பணியை மரப்பலகை செய்தது. சுவரையே உரோமத் தூணின் அளவைகளால் வகுத்த அக்காலக் கட்டடக்கலை, அப்பலகையைத் தூணின் பீடமாகக் கொண்டு, அதன் மேல்விளிம்பில் வளைவுகளைச் செதுக்கியது.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. வளைவுள்ள இரு பலகைகள் மூலையில் சந்திக்கும்போது, ஒவ்வொன்றையும் 45 பாகையில் சரித்து வெட்டினால் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால், சாந்து பூசிய மூலை சரியாக 90 பாகையில் அமைவது அரிது. ஆணி அறையும்போது பலகை சுவரை நோக்கி இழுபட, இணைப்பு வாய் திறக்கும். மரம் காய்ந்து சுருங்கினால் நீக்கல் மேலும் விரியும்.

தேர்ந்த தச்சர் வேறு வழி கண்டார். முதற் பலகையை நேராக வெட்டி மூலைவரை செலுத்தினார். இரண்டாவதை முதலில் 45 பாகையில் வெட்டினார். அவ்வெட்டு பலகையின் வளைவைக் கோடாக விளிம்பில் காட்டிக் கொடுத்தது. அக்கோட்டின் வழியே மெல்லிய வாளால் அறுத்து, பின்புறத்தைச் சற்று அதிகமாகச் சரித்து, அரத்தால் தேய்த்து, முதற் பலகையின் முகத்தின்மேல் பொருத்தினார். மூலை ஓரிரு பாகை பிசகினாலும் முன்விளிம்பு ஒட்டியே நிற்கும்.

ஒழுங்கற்ற பரப்பிற்கு ஏற்ப மரத்தைக் கோடிட்டு வெட்டும் இத்தத்துவம் பழையது. 1678இல் வெளிவரத் தொடங்கிய தமது கைத்தொழில் நூலில், கவராயத்தைக் கொண்டு அக்கோட்டை இழுக்கும் முறையை ஜோசப் மொக்ஸன் விளக்கியுள்ளார். அவர் தச்சரல்லர், அச்சாளர். அச்சுக்கலை பற்றியும் விரிவான கைந்நூலொன்றை எழுதியவர் என்பது எம் போன்ற பத்திரிகைக்காரருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரங்கள் வளைவுப் பலகைகளை மலிவாக்கின. பலகை ஆலையிலிருந்து வந்தது. மூலையோ கையிடமே எஞ்சியது. இன்று அவசரத்தில் சரிவாக வெட்டி, நீக்கலைப் பசையால் நிரப்பி, வர்ணம் பூசிவிடுகின்றனர். காய்ந்த பருவமொன்று வந்ததும் பசை பிளந்து, மறைத்தது வெளிப்படுகிறது.

சரிவு வெட்டு, சுவர் நேரானது என்று நம்புகிறது. பழந்தச்சர் அவ்வாறு நம்பவில்லை. சுவரின் கோணலை ஏற்றுக்கொண்டே தம் வேலையை நேராக்கினார். மூலையில் தெரிவது அவரது அந்தக் கணக்கே.